திரேன் வெட்டிய சொல்

லவுட்டோக்காவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் திரேனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஊர் நடபுவா பகுதியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்தில் அவனுக்கு ஒற்றை அறைக் கடை. நான் திருச்சியிலிருந்து கடல் தாண்டி அந்தத் தீவுக்குக் கணக்கு டீச்சராகப் போய்ச் சேர்ந்தது 1996இல். பள்ளிக்கூடத்து பிரிண்டருக்கு என்னைக் கண்டால் ஆகாது, கேள்வித்தாளை மென்றுவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவன் கடை வாசலில் போய் நிற்பேன். இன்றைக்கு அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதே சந்து, அதே கடை. அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் கோபம் வந்து எழுந்துவிடுவேன். கோபம் அவன் மேல் இல்லை.

அவன் பிறந்தது லம்பாசா பக்கம் புலிலேகாவில், கரும்புக்காரர் வீடு. பாட்டன் அப்பல்சாமி கரும்புக் கூலியாக மதராஸில் கப்பல் ஏறிய ஆள். மூன்று தலைமுறையில் தமிழ் கரைந்து போயிற்று. அவனுடைய அம்மா மோகினிக்கு மட்டும் நன்றாகப் பேச வரும், பேச ஆள்தான் இல்லை. மகன்களிடம் இந்தியில் பேசிப் பேசி அந்தம்மாவுக்கே அலுத்துவிட்டது. திரேன் என்னிடம் பேசியதும் இந்தியும் இங்கிலீஷும்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

1987இல் இந்தியர் ஆதரவு பெற்ற ஆட்சியை ராணுவம் கவிழ்த்தபோது பக்கத்துக் காட்டு வீரசாமி குடும்பம் கனடாவுக்குக் கிளம்பிவிட்டது. போகும்போது டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திரேன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினான்கு வயதுப் பையன் விளையாடியிருக்க வேண்டும். இவன் விளையாட்டைத் தொடங்காமல் முதல் திரையிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, அதில் ஓடும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பானாம். ஒரே நேரத்தில் மூன்று ஒலிக்கு மேல் எழுப்ப முடியாத பெட்டி அது. 'அந்த மூணை வெச்சே எப்படி மேடம் இவ்ளோ பெரிசா கேக்குது?' என்று என்னிடம் பத்து வருடம் கழித்தும் ஆச்சரியப்பட்டான்.

நான் பார்த்தபோது அந்தப் பாட்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி கட்டுவதுதான் அவன் வேலை. மற்ற வேலையெல்லாம் சோற்றுக்கு. அதற்கு டிராக்கர் என்று ஒரு சாஃப்ட்வேர். திரையில் நான்கு பத்தி, பத்தி நிறைய எழுத்தும் எண்ணும் மேலிருந்து கீழே ஓடும். எனக்கு முதலில் வாய்ப்பாடு மாதிரி இருந்தது. எந்த வரியில் எந்த ஒலி, எந்த சுருதியில் என்று கையால் தட்டி வைக்க வேண்டும். ஒலி எதுவாகவும் இருக்கலாம். ஒரு தும்மலைப் பிடித்துப் போட்டால் அதே தும்மலை ஸரிகமவில் ஏற்றி இறக்கலாம்.

திரேன் போட்டதெல்லாம் கிளம்பிப் போனவர்கள் வீட்டு ஒலிகள். யார் கிளம்பினாலும் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரோடு போய் நிற்பான். வீரசாமி வீட்டு கேட் (காலியான வீட்டில் அவனே ஆட்டிப் பிடித்தது), பல்ராமின் தண்ணீர் பம்ப், யாரோ ஒருவர் வீட்டு அம்மிக்கல். அவற்றைப் பொடிப் பொடியாக நறுக்கி, விமானம் பறக்கிற விளையாட்டுப் பாட்டுக்கு மத்தளமும் மணியுமாக்கிவிடுவான். இன்டர்நெட்டில் ஏற்றினால் ஃபின்லாந்திலிருந்து எவனோ ஒருவன் பிரமாதம் என்று எழுதுவான். லவுட்டோக்காவில் அவனைப் பைத்தியம் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

2000 மே மாதம் மறுபடி கவிழ்த்தார்கள். அதற்கு முந்தைய வருடமே புலிலேகா நிலத்தின் குத்தகை முடிந்து, மோகினியம்மா நடபுவாவில் திரேனோடு வந்திருந்தார். இந்தியர் கடைகளை எரித்த செய்தி கேட்டதும் கனடாவில் இருந்த மூத்த மகன் தேவேந்திரா டிக்கெட் அனுப்பிவிட்டான். திரேன் அசையவில்லை. அந்தம்மாவுக்கும் போக மனமில்லை. 'ஆறு மாசம்தான் மா, தீவாளி கழிச்சு வந்துடுவேன். இவனுக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது' என்று என்னிடம் சொன்னார். திரேனும் அதை அப்படியே நம்பினான். அம்மாவின் கட்டிலைக்கூட நகர்த்தவில்லை.

கிளம்பிய அன்று வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கார் ஏறுமுன் மகன் கன்னத்தைத் தொட்டு, 'போயிட்டு வாரேன்' என்றார். திரேன் கையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலையில் ஒரு பாட்டு முடித்தான். ஃபின்லாந்துக்காரர்களின் போட்டிக்கு. ஃபைல் இத்தனை கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி, மனிதக் குரல் என்றால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அம்மாவின் குரலைத் திரையில் பார்த்தால் முதலில் குண்டாக ஒரு மேடு, பிறகு இழுத்துக்கொண்டே போகும் வால். மேடு தாளத்துக்கு நன்றாக விழும். வாலை வெட்டிவிட்டான். பாட்டு முடிந்ததும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசை. அந்தம்மாவுக்குக் கேசட் போடத்தான் தெரியும். கையில் இருந்த கேசட்டிலேயே, அம்மா பேசியதன் மேலேயே, பாட்டைப் பதிந்து தபாலில் போட்டான்.

ஆகஸ்டில் ஒரு நாள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். 'மேடம், இதைக் கேளுங்க, அம்மா பாடுறாங்க' என்று சிரித்துக்கொண்டே போட்டான். துள்ளலான பாட்டு. அடியில் மோகினியம்மாவின் குரல் தாளம் போட்டது.

போ. போ. போபோ. போ.

நான் சிரித்துவிட்டேன். அதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

'ஏன் திரேன், உங்கம்மா வாயாலேயே போ போன்னு விரட்ட வெச்சிருக்கியே?' என்று கேட்டேன்.

'என்ன மேடம் விரட்ட? குட்பை சொன்னாங்க இல்லே, அது.'

'போ' என்றால் என்னவென்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. அவனுக்கு 'போயிட்டுவாரேன்' என்பது ஒரே சொல், டாட்டா மாதிரி. நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் பொருள் தனித்தனியாகத் துடிக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. நான் சொன்னேன். கரும்பலகையில் விளக்குகிற மாதிரி விளக்கினேன். 'போயிட்டு' என்றால் போய்விட்டு. 'வாரேன்' என்றால் திரும்பி வருகிறேன். நீ வெட்டிப் போட்டது வருகிறேன் என்பதை. மிச்சம் இருக்கிறது போ.

பாட்டை நிறுத்தினான். 

'கேசட் போய் ஒரு மாசம் ஆச்சு மேடம். மூணு சண்டேயா அம்மா போன்லே வர்லே. தூங்குறாங்க, குளிக்கிறாங்கன்னு தேவேந்திரா பய்யா சொல்றான். முந்தாநேத்து பேப்பர்லே சைன் பண்ணிட்டாங்களாம். அங்கேயே இருந்துடற பேப்பர்.'

மே மாதத்திலிருந்து தேவேந்திரா அந்தப் பேப்பரை நீட்டுவதும் அந்தம்மா தள்ளுவதுமாக இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் என்னைக் கடைக்கு வரச் சொன்னான். கனடாவில் அப்போது சனிக்கிழமை சாயங்காலம். 'நீங்க தமிழ்லே சொல்லுங்க, நான் சொன்னா சரியா வராது' என்றான். போன் கார்டு எண்ணைத் தட்டி, அண்ணனிடம் சண்டை போட்டு, அம்மாவை லைனுக்கு வரவைத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரலுக்கு இடம் போதாததை, வாலை, கேசட்டை.

'வேணும்னு செஞ்சிருக்க மாட்டான் மா, எனக்குத் தெரியாதா' என்றார் மோகினியம்மா. 'அவனுக்குத் தமிழ் ஏது? நான்தானே குடுக்கலே. ஆனா என் குரலே எனக்குச் சொல்லுது மா, போ போன்னு. பெத்தவளே வாய் விட்டுச் சொன்ன மாதிரி ஆச்சு. அங்கே ஜமீனும் இல்லே, கரும்பு நெலம் போயாச்சு. நான் இருந்தா அவன் என்னைக் காவல் காத்துக்கிட்டு அங்கேயே கெடப்பான். போட்டுட்டேன் கையெழுத்து.'

திரேன் ரிசீவரை வாங்கிக்கொண்டான். ரிக்கார்டரை அதன் பக்கத்தில் வைத்து, அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லும்படி கெஞ்சினான். இந்த முறை முழுசாக வைத்துக்கொள்வேன், ஒரு துண்டுகூட வெட்ட மாட்டேன் என்றான். 

'வாரேன்னு சொன்னா வரணும் இல்லே, பேட்டா' என்றார் அம்மா.

சொல்லவில்லை. வராமல் போகிறவர்கள் சொல்லிக்கொள்ள நம்மிடம் வேறு சொல்லும் கிடையாது. அதனால் அந்தப் பேச்சை எப்படி முடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டாயா, குளிரா, மழையா என்று பேசி, பேச ஒன்றுமில்லாமலும் பிடித்துக்கொண்டிருந்து, கார்டு தீர்ந்து லைன் தானாக அறுந்தது. அதற்கப்புறம் மூன்று வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். ஒரு தடவைகூட யாரும் முதலில் வைத்ததில்லை.

அவனும் இரண்டு முறை விசாவுக்குப் போட்டான். கல்யாணமாகவில்லை, சொத்தில்லை, திரும்பிவர மாட்டாய் என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டார்கள்.  அந்த ஊரை விட்டு நகராதவன் என்று பேர் எடுத்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தப் பாட்டைப் போட்டிக்கு அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. புதிதாக எதுவும் கட்டுவதையும் விட்டுவிட்டான். கேட்டால், 'டைம் இல்லே மேடம்' என்பான்.

2003 அக்டோபரில் ஒரு காலை, நான் வகுப்புக்குப் போகிற வழியில் அவன் கடைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து தேவேந்திரா கூப்பிட்டிருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம்தான், உன் குரல் காதில் விழும், பேசு என்று போனை அம்மாவின் காதில் வைத்திருக்கிறான். திரேனுக்கு இந்தியில் ஒன்றும் வரவில்லையாம்.

'போயிட்டு வாம்மான்னு சொன்னேன்' என்றான். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வைத்துத் தமிழில் சொன்னான். 'ஸ்லோவா சொன்னேன், ஒண்ணும் விட்டுப் போகக்கூடாதுன்னு. கரெக்டா மேடம்?'

அப்போதே பதினெட்டு வருடமாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நான். சரி என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.