நிமிர்ந்து நின்ற மானிட்டர்

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கிறேன். ஆசையாக வாங்கிய அகலமான மானிட்டரில் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. ஆனால், பத்திரிகையில் பாதிதான் தெரிந்தது.

ஒரு பத்திரிகையை அச்சுக்கு அனுப்பும் முன் திரையைத் துடைத்தேன். டக்கென்று அது செங்குத்தாகத் திரும்பிவிட்டது.

"ஏங்க, புதுசை உடைச்சுட்டேன்!" என்று அலறினேன்.

"உடையல புள்ள, திரும்புற ஸ்டாண்டுதான். செத்த இரு" என்று சிரித்தபடியே என் கணவர், எழுத்தும் நேராக வரும்படி செட்டிங்கை மாற்றினார்.

முழுப் பத்திரிகையும் ஒரே பார்வையில் தெரிந்தது. மேலே, ஞாயிறு காலை முகூர்த்தம். கீழே, 'முதல்நாள் வெள்ளி மாலை வரவேற்பு'! அப்படியே அச்சாகியிருந்தால், சொந்தபந்தமெல்லாம் பூட்டிய மண்டபத்தின் முன் நின்றிருக்கும்.

சனி என்று திருத்தினேன். கல்யாண வீட்டார் என்னையும் அழைக்க, அந்த வரவேற்பில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் மானிட்டரை நிற்கவைத்து, முழுப் பக்கத்தையும் பார்த்த பிறகே அனுப்புகிறேன். துடைக்கும் வேலை மட்டும் அவருடையது!