வாராவாரம் விசாரிக்கப்பட்ட மனு

தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு நான் கூப்பிட்டதை ஜமுனாமரத்தூரில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து புத்திமதி சொல்லியிருப்பார்கள். அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு அப்போது இல்லை.

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுதான் காரணம் என்று எழுதினால் படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பும். மனசு கட்டத்துக்குள் அடங்குகிற சாமான் இல்லையே. ஒரு மத்தியானம் உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, கூப்பிட்டேன். எடுத்தவர் வயசானவர் போலிருந்தது. நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இனிமே வாராவாரம் எங்க ஆள் ஒருத்தர் கூப்பிட்டு விசாரிப்பாங்க, சரிங்களா?" என்றார். சரி என்று வைத்தேன். இந்த நாட்டில் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொன்னவன் எவன் கூப்பிட்டிருக்கிறான்?

கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. சின்னப் பெண்ணின் குரல், தெற்கத்திப் பேச்சு.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே மனு எழுதுவேன், படிவம் நிரப்புவேன். அதனால் அவள் முன்னால் ஒரு படிவம் இருப்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. "தூக்கம் எப்படி இருக்கு சார்?" டக். "சாப்பாடு?" டக். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அட, நம்ம ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொல்லை என்னவென்றால், என் கடைக்குள் சிக்னல் வராது. எதிரே பாயின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வரும். அந்த பெஞ்சில் எப்போதும் நாலைந்து பேர், ஆளுக்கு இரண்டு காது. அங்கே வைத்துத்தான் கேட்டாள், "சாகணும்ங்கிற எண்ணம் இப்பவும் வருதா சார்?"

பாய் டீயை ஆற்றிக்கொண்டே என் வாயைப் பார்த்தார்.

"அந்த மனு இன்னும் கைலதாம்மா கீது," என்றேன். "குடுக்கல."

 "புரியுது சார். குடுக்காம வச்சிக்கோங்க. அடுத்த செவ்வாய் நான் கேக்கேன்," என்றாள். கெட்டிக்காரி!

அப்படியே ஓடியது. "மனு எப்படி சார் இருக்கு?" என்பாள். "ரெண்டு நாளா எடுத்தே பாக்கலம்மா," என்பேன். அதை நிஜ மனு என்று நினைத்த பாய்க்கு ஒரே பொறாமை. "இன்னாப்பா, பெரிய பார்ட்டியா? வாராவாரம் கேக்கறாங்களே!" என்றார். சொன்னால் சிரிப்பீர்கள், இத்தனை வருடத்தில் நான் எழுதிய மனுக்களில் யாராவது வலிய வந்து விசாரித்தது அந்த ஒன்றைத்தான்.

அவசரத்துக்கு இன்னொருவர் நம்பர் வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள். என் சொந்தக்காரர்கள் காரியத்துக்கு வந்து பாயசம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். டீக்கடை போர்டில் பாயின் நம்பர் இருந்தது. அதைப் படித்துச் சொன்னேன். பாயிடம் சொல்லவில்லை.

நாலாவது செவ்வாய். மெஷினுக்கு மை வாங்க நான் போளூர் போகவேண்டும். அதிசயமாக அன்றைக்கு பெஞ்ச் காலி, பாயும் பால் வாங்கப் போயிருந்தார். பேச்சு பாதியில் இருக்கும்போதே பஸ்காரன் ஹாரன் அடித்தான். "ஏம்மா, நான் போறேன்," என்று சொல்லி வைத்துவிட்டு ஓடி ஏறினேன்.

தமிழ் பேசுகிறவன் எவனாவது அப்படிச் சொல்வானா? அடுத்த தெருவுக்குப் போகிறவன்கூட போய்ட்டு வர்றேன் என்பான். வெறும் 'போறேன்' என்றால் நம்மிடம் அர்த்தம் வேறு. ஊரார் மனுவில் ஒற்றெழுத்துக்குச் சண்டை போடுகிற எனக்கு, என் வாயில் வந்த பிழை தெரியவில்லை. மலையிறங்கும் வழியெல்லாம் சிக்னலும் இல்லை. அவள் விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு பாயைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் திரும்பி வந்தால் என் கடை வாசலில் கூட்டம். உள்ளேயிருந்தும் பூட்டக்கூடிய ஷட்டர் பூட்டை உடைத்திருந்தார்கள். ஏரிப் பக்கம் தேடப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

"பூட்டு இன்னா பாய் பாவம் பண்ணிச்சி?" என்றேன். நக்கலை விட்டால் எனக்கு வேறு பாஷை தெரியாது.

பாய் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "போய்ட்டு வர்றேன்னு சொல்ல வாய்ல இன்னா கொழுக்கட்டையாய்யா? உள்ள உன்ன எப்பிடிப் பாப்பனோன்னு கண்ண மூடிக்கினுதான்யா ஷட்டரத் தூக்கினேன்!" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவி இறந்த பிறகு எனக்காக யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

தன் போனை என் கையில் திணித்தார். "அந்தப் பொண்ணு பாவம். மொதல்ல அதுங்கிட்ட பேசு."

"சார்... பஸ்ஸா சார்?" என்றாள்.

"பஸ்தாம்மா."

அதற்கு அவள் எதுவும் தட்டவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போல. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

அடுத்த செவ்வாய், அதே பெஞ்ச், அதே காதுகள். "மனு எப்படி சார் இருக்கு?" என்றாள்.

"மனுவும் இல்ல, மண்ணும் இல்லம்மா," என்றேன். "சாகணும்னு நேத்து தோணல. இன்னிக்கிக் காலைல தோணிச்சி."

சத்தமாகவே சொன்னேன்.  பாய் அடுப்பை அணைத்தார், அதுவும் நல்ல வியாபார நேரத்தில். "கடை இல்லப்பா, எழுந்திரிங்க," என்று எல்லோரையும் கிளப்பிவிட்டு, கையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார். "எனக்கும் கேக்கணும்."