அலைக்குளத்தில் போட்ட மூன்று முடிச்சு

கிறிஸ்துமஸ் லீவுக்கு இரண்டு குடும்பத்தையும் திருச்சூர் தாண்டி இருக்கும் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், லாரியில் பாரம் ஏற்றிக் கயிறு கட்டிப் பிழைக்க ஆரம்பித்தவன், இன்றைக்கு மலையாளத்துப் பெருமாட்டியில் சொந்தத் தோப்பும் சொந்த லாரியுமாக நிற்கிறேன். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கென்ன குறைச்சல்? எங்கள் வீட்டார் ஒரு வேனில் வந்தோம். மலைமேல் ஏலப்பாறையிலிருந்து என் சிநேகிதன் குடும்பம் இன்னொரு வேனில் வந்தது.

சிநேகிதனுக்கு அங்கே மளிகைக் கடை. நான் காய்கறி லோடு ஓட்டிய காலத்துப் பழக்கம். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் எனக்கு அவன் வீட்டில்தான் சோறும் பாயும். அவர்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் ஆனி மாதம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே எழுந்து தோப்புக்குப் போனவன் நான். ஆனால் என் வீட்டுக்காரிக்கு அதிலிருந்து சரியான தூக்கம் கிடையாது. நான் கொஞ்சம் அசந்துவிட்டால் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வைதும் பார்த்தேன், கேட்கவில்லை. பார்க்குக்கு அவள் வந்ததும் வேடிக்கை பார்க்க இல்லை, எனக்குக் காவலுக்குத்தான்.

நகையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். அதனால் தங்கக் கொடியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளச் சொன்னேன். கயிற்றையும் கொல்லங்கோட்டில் நானே பார்த்து வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே தடிமன், பளபளப்பு.

அங்கே வேட்டிக்கு அனுமதி இல்லை. பேங்க் மேனேஜர் முன்னால்கூட வேட்டியோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த எனக்கு முழங்கால் வரை நைலான் டவுசர். வீட்டுக்காரிக்குச் சட்டையை உள்ளே செருகி, கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த பேண்ட். அறுபது வயதுக்கு மேல் இது என்ன கோலம் என்று உடை மாற்றும் அறையை விட்டு வரவே மாட்டேன் என்றாள். சிநேகிதன் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

ஆனால் அலைக்குளத்தில் இறங்கியதும் ஆளே மாறிப்போனாள். சங்கு ஊதி அலை வந்து அடித்தபோது, ஆனி மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். இன்னும் இரண்டு அலை வந்திருக்கும். என் பக்கம் திரும்பினாள். கை கழுத்தில் இருந்தது.

"ஏனுங்க, கழுத்துல இல்லீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அது தங்கம் போன விஷயம் இல்லை, என் உயிர் விஷயம்.

"நான் இங்க கல்லாட்டம் நிக்கறேனில்ல புள்ள, அப்புறமென்ன?" என்றேன்.

அவள் காதில் விழவில்லை. கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஓடிப்போய்க் காவல்காரரிடம் மலையாளத்தில் சொன்னான். அந்த மனிதர் நல்லவர், விசில் ஊதி அலையை நிறுத்தி வைத்தார். நாங்கள் காலால் தடவித் தேடினோம். முன்பின் தெரியாத பிள்ளைகளும் முங்கிப் பார்த்தார்கள். கிளிப் வந்தது, கொலுசு வந்தது. சிநேகிதன் தண்ணீருக்குள்ளிருந்து கையை உயர்த்தினான்.

"அண்ணாச்சி, ஒரு பல்செட்டு கெடைச்சிருக்கு. உம்மதா பாரும்."

வேறு நேரமென்றால் பதிலுக்கு நானும் கேலி செய்திருப்பேன். அன்றைக்கோ, யாருக்கும் பயப்படாத எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தே தேடினேன்.

எவ்வளவு நேரம்தான் அலையை நிறுத்துவார்கள்? மறுபடி சங்கு ஊதியது. உடை மாற்றிக்கொள்ளலாம் என்று மருமகள் கூப்பிட்டதற்கு, வெறுங்கழுத்தோடு அங்கிருந்து எழுந்து வரமாட்டேன் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். குளிரில் விறைத்துப் போவாளே என்று சிநேகிதன் மனைவி அவள் காலடியில் உட்கார்ந்து பேண்டிலிருந்து தண்ணீரைப் பிழிந்துவிட்டாள். பிழிந்த கை அப்படியே நின்றது.

"மதினி, கால அசைக்காதீங்க. எலாஸ்டிக்குக்கிட்ட என்னமோ உருளுது."

தாலிதான். கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்ந்திருந்தது. சட்டைக்குள் விழுந்து, பேண்ட் வழியாக நழுவி, கணுக்காலில் வந்து நின்றிருக்கிறது. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அது நூலே இல்லை, மஞ்சள் சாயம் போட்ட நைலான். நனைந்தால் சும்மா போட்ட முடிச்சு நிற்காது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

ஆனால் நைலான் கயிற்றைக் கட்ட எனக்கா சொல்லித்தர வேண்டும்? கொட்டும் மழையில் எத்தனை லோடு கட்டியிருக்கிறேன்! அந்த டவுசரோடு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், லாரிக்காரன் முடிச்சாக இரண்டு போட்டேன். மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் சகோதரி போடுவது. எனக்கு உடன்பிறந்தவள் கிடையாது, கல்யாணத்தில் பெரியப்பா மகள்தான் போட்டாள். கயிற்றைப் பிடித்தபடி யோசித்து நின்றேன்.

"தள்ளுங்க அண்ணாச்சி. நான் ஒருத்தி இங்க எதுக்கு இருக்கேன்?" என்று வாங்கிப் போட்டாள் சிநேகிதன் மனைவி.

பிள்ளைகள் விசில் அடித்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். சிநேகிதன் மட்டும் பக்கத்தில் வந்து, "அப்போ இனிமே நீரு எனக்கு மச்சான். சீர் செய்யணும் வே, ஞாபகம் இருக்கட்டும்" என்றான். அடுத்து வந்த பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குத் தேங்காயும் வாழைத்தாரும் புடவையுமாக லாரியிலேயே அனுப்பினேன். செய்வதைக் குறைவில்லாமல் செய்வதுதான் என் வழக்கம்.

வேன் திருச்சூர் தாண்டும்போது வீட்டுக்காரி என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் வேண்டுமென்றே கண்ணை மூடி அசையாமல் இருந்து பார்த்தேன். என் மூக்குக்குக் கீழே விரல் வரவில்லை. கோவிந்தாபுரம் ரோட்டுக்குத் திரும்பி வீடு வரும்வரை வரவில்லை.