சிங்கு வீட்டுத் துளசிபாய் ஊரை ஏசிய சாயங்காலம்

செஞ்சி கடைத்தெருவில் அந்தக் காலத்தில் ஜாக்கெட் தைக்க வேண்டுமென்றால் ஒரே பேச்சுதான்: சிங்கு வீட்டுக்குப் போ. துளசிபாய் அளவு நாடாவைத் தோளில் போட்டு, புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாளானால், தீபாவளிக்கு முதல் நாள் வரை எழுந்திருக்க மாட்டாள். ஊரில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், எவள் உண்டாகியிருப்பதைக் கட்டியவனிடமே இன்னும் சொல்லவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே விடமாட்டாள். ஆனால் வந்தவளைக் கேலி செய்யாமல் அனுப்பவும் மாட்டாள்.

அவளுடைய வம்சம் வடக்கே பந்தேல்கண்டிலிருந்து வந்தது. கோட்டை ராஜாவுக்குச் சேவகம் செய்ய வந்த சிப்பாய்கள். ராஜா சண்டையில் விழுந்தார். பிழைத்த சிப்பாய்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். இருநூற்றைம்பது வருஷம் ஓடிப்போய், செஞ்சியில் மிஞ்சியது நாலைந்து ‘சிங்’ வீடுகள்; ஊர் வாயில் அது சிங்கு வீடு. வீட்டுக்குள் இந்தி மாதிரி ஒரு பேச்சு, வாசலைத் தாண்டினால் தமிழ். துளசிபாய்க்கு வடக்கு என்றால் ஆரணி. அதற்கு மேல் அவள் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கூத்தில் அந்த ராஜா குதிரையோடு சாய்கிற கட்டம் வந்தால் ஊரே மூக்கைச் சிந்தும். அவர் நம்ம ராஜா. அவரோடு வந்தவனுடைய வம்சத்துப் பேத்தியை மட்டும், ‘வடக்கத்தியாள்’ என்பார்கள். என்ன நியாயமோ!

அறுபத்தைந்து தை மாதம் வந்தது. இந்தியை எதிர்த்து ஊர் ஊராகப் பையன்கள் தெருவில் இறங்கிய நேரம். அது நியாயமான கோபம்தான். கண்ணில் பட்ட இந்திப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். மீதித் தாரோடு திரும்பி வந்த ஒருவன் துளசிபாய் வீட்டுப் பலகையைப் பார்த்தான். ‘துளசிபாய் ஜாக்கெட் தைக்குமிடம்’ என்று முத்து முத்தாகத் தமிழில் எழுதிய பலகை. அதில் வடக்கு வாடை அடித்த ‘பாய்’ என்பதன்மேல் மட்டும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விட்டான். துளசி இருக்கலாமாம், பாய் கூடாதாம்! காலையில் வாசல் தெளிக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு அப்படியே உள்ளே திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துபோனது. அடுப்படியில்கூட அவள் தமிழில்தான் பேசினாள். தைக்க வருகிறவர்களும் துணியைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனார்கள். அவள் புருஷன் கிஷன்சிங் கோட்டை வாசலில் வாட்ச்மேன். அதிகம் பேசாத மனுஷன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆரணிக்குப் போயிடலாம் துளசி. அங்க நம்ம ஜனம் ஒரு தெருவே இருக்குது. தம்பி வீடு பாத்து வச்சிருக்கிறான்.”

அவள் பிறந்தது இங்கே, தாலி கட்டியது இங்கே, அம்மாவையும் நைனாவையும் எரித்த சாம்பல் இந்த ஊர் மண்ணில் கிடக்கிறது. ஆனாலும், “துணி குடுத்தவங்க சித்திரைக்குள்ள வாங்கிக்குங்க, நாங்க ஆரணிக்குப் போறோம்” என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போதெல்லாம் யாராவது ‘ஏன்’ என்று கேட்பார்களா என்று முகத்தைப் பார்ப்பாள். ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாலசுப்பிரமணியன் வந்தான். கடைத்தெருப் பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், நாடகப் பைத்தியம். அம்மன் திருவிழாவுக்கு ஒரு நாடகம் போடப்போவதாகச் சொன்னான்.

“ராஜா வேஷமும் கெடயாது, ராணி வேஷமும் கெடயாதுக்கா. இந்த ஊர்ல இருக்கறவங்க அவங்கவங்க கதய எப்படிச் சொன்னாங்களோ, அப்படியே மேடையில சொல்லப் போறோம். ஒரு வார்த்த கூட்ட மாட்டோம், கொறைக்க மாட்டோம்.”

“வேஷம் இல்லாம இன்னா கூத்து? எவன் பாப்பான் அத?” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, மிஷினை மிதித்துக்கொண்டே அந்த மத்தியானம் முழுக்கப் பேசினாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். போனாள். டீச்சர் டிரெயினிங் படிக்கும் ஜானகி என்ற பெண், தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எங்க நைனா சாகறதுக்கு முன்னாடி, கட்டில வாசல்ல போடுன்னாரு. வடக்க தல வச்சிடப் போறாருன்னு பாத்தா, ‘ராஜகிரி தெரியற மாதிரி திருப்பிப் போடும்மா’ன்னாரு. அந்தக் கோட்ட மலையப் பாத்துக்கினேதான் கண்ண மூடனாரு. நாங்க எந்த ஊர்க்காரங்கன்னு என்ன ஏன் கேக்கறீங்க? அவரப் போய்க் கேளுங்க.”

துளசிபாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது அவள் சொன்னது. காஜா எடுத்துக்கொண்டே, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே போகிறபோக்கில் சொன்னது. அதற்குள் இவ்வளவு இருந்ததா! கற்பூரம் காட்டும்போது இருட்டுக்குள்ளிருந்து சட்டென்று அம்மன் முகம் தெரியுமே, அப்படித் தெரிந்தது அவளுக்குத் தன் முகம். அடுத்து, வயலில் எலி வளை தோண்டிப் பிழைக்கும் இருளர் வீட்டுக் காத்தாயி எழுந்து, “நெல்லு உங்களுது. எலி வளையில சேத்து வச்ச நெல்லு எங்களுது. அதுக்கும் வந்து மறிச்சீங்கன்னா நாங்க எந்த வளைக்குள்ள போறது?” என்றாள். காத்தாயியைத் தினம் தெருவில் பார்ப்பவள்தான் துளசிபாய். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தாள். இது கூத்தை விடப் பெரிய கூத்து என்று அவளுக்குத் தோன்றியது.

திருவிழா நெருங்கிய நேரத்தில் ஜானகியின் அப்பா தடை போட்டுவிட்டார். சிங்கு வீட்டு வேஷம் கட்டினால் மேடைக்குக் கல் வரும், கல்யாணம் ஆகாத பெண், வேண்டாம் என்றார். பாலசுப்பிரமணியன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“அந்த ஒரு கட்டத்த மட்டும் எடுத்துடலாம்னு பாக்கறேன்க்கா.”

“எடுத்துடறியா?” துளசிபாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “பலகையில தார் பூசனவன் பாதிதான் அழிச்சான். நீ முழுசா அழிக்க வந்தியா? நானே வரேன், போ.”

கல்யாணமான பெண்கள் நாலு பேர் முன்னால் நின்று பேசும் வழக்கம் அவர்கள் வீடுகளில் கிடையாது. கிஷன்சிங் வெகுநேரம் மீசையை நீவிக்கொண்டிருந்தார். கடைசியில், “போ. ஆனா ஊர்ல ஒருத்தன் எறங்குன்னு சொன்னாலும் மறுநாள் ஆரணி பஸ்ஸு. அப்புறம் அழப்படாது” என்றார். அவள் தலையாட்டினாள்.

கோயில் திடலில் விளக்கு வைத்ததும் நாடகம் ஆரம்பித்தது. வேஷமில்லாத நாடகம் என்றதும் வேடிக்கை பார்க்கவே பாதி ஊர் வந்துவிட்டது. முன்வரிசையில் எண்ணெய்க்கடை துரைராஜின் மனைவி ஞானம்பாள், பக்கத்தில் கடைத்தெருப் பெண்கள். காத்தாயி பேசி முடித்தபோது, வேர்க்கடலை உடைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அடுத்து துளசிபாய்.

“எங்க நைனா சாகறதுக்கு முன்னாடி...” என்றாள். அவ்வளவுதான். அத்தனை முகத்தையும் ஒன்றாகப் பார்த்ததும் மேல்வார்த்தை வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஞானம்பாளின் தம்பி கந்தசாமி.

“இந்திக்காரி! எறங்குடி கீழ!”

கூட நாலு பேர் ‘ஓ’வென்று சேர்ந்து கத்தினார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சிங்கு வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்று கூச்சல் போடுவார்கள். பெண் வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கக் கூடாது. இருந்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். முக்காட்டுக்குள்ளிருந்தே சம்பந்திகளைப் பேர் சொல்லி ஏசிப் பாட வேண்டும். எவ்வளவு காரமாக ஏசுகிறார்களோ அவ்வளவு உறவு. அந்நியரை ஏசவே மாட்டார்கள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அம்மாவின் இடுப்பை ஒட்டி உட்கார்ந்து பாடிய வாய் அது. வாசலில் கூச்சல் கேட்டால் தன்னால் திறக்கும்.

திறந்துவிட்டது! முக்காடு முகத்தை மூட, கை தொடையில் தாளம் போட, துளசிபாய் கணீரென்று எடுத்தாள்.

“சுனோ சம்தின், சுனோ!”

சம்பந்தியம்மா, கேளுங்க என்று அர்த்தம். அடுத்து வந்ததெல்லாம் வீட்டுப் பேச்சுதான். ஆனால் பேரெல்லாம் கடைத்தெருப் பேர், நடுநடுவே தமிழ் வார்த்தை. துரைராஜ் கடை எண்ணெயைப் போல அவர் பேச்சும் வழுக்கும் என்றாள். ஞானம்பாளின் ஜாக்கெட் தீபாவளிக்குத் தீபாவளி அகன்று, அளவு நாடா அழுகிறது என்றாள். கந்தசாமிக்கு மீசை வந்துவிட்டது, பெண்தான் வரவில்லை. பெண் பார்க்கச் சிங்கவரம் போனான், அவலூர்பேட்டை போனான், பனமலை போனான், போன இடமெல்லாம் காப்பி குடித்ததுதான் மிச்சம் என்றாள்.

ஜாக்கெட், எண்ணெய், மீசை, சிங்கவரம், காப்பி. கூட்டத்துக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. எங்கோ ஒரு கிழவர் கெக்கலித்தார். அந்தச் சிரிப்பில்தான் துளசிபாய்க்குச் சுயநினைவு வந்தது. எந்தப் பேச்சை ஒரு வருஷம் அடுப்படியில்கூட அடக்கி வைத்திருந்தாளோ, அதை ஊர் நடுவில் கொட்டிவிட்டாள்! தாளம் போட்ட கை நின்றது. கடைசியில் நின்றிருந்த கிஷன்சிங் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“இது திட்டு இல்லீங்க” என்றாள் தமிழில். “கல்யாணத்துல சம்பந்திய ஏசற பாட்டு. வேத்து மனுஷங்கள நாங்க ஏச மாட்டோம். ஒறவா இருந்தாத்தான் ஏசுவோம்.”

கூட்டம் கந்தசாமியையும் ஞானம்பாளையும் மாறி மாறிப் பார்த்தது.

ஞானம்பாள் எழுந்தாள். கனத்த சரீரம்; எழுந்திருக்க நேரம் பிடித்தது. துளசிபாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானம்பாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். நலுங்குப் பாட்டில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

“சம்பந்தி வந்தாளாம், சபையேறி நின்னாளாம்,
கை வச்சுத் தைக்கச்சொன்னா கழுத்தறுத்துத் தச்சாளாம்!
ஆரணிக்குப் போவாளாம், அவசரமாப் போவாளாம்,
ஆரக் கேட்டுப் போவாளாம், அதச் சொல்லிப் போவாளாம்!”

அடேயப்பா! பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் கடைசி அடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரக் கேட்டுப் போவாளாம், அதச் சொல்லிப் போவாளாம்! கைதட்டலில் பந்தல் கால்கள் ஆடின. இத்தனை நாளாக எந்தக் கேள்விக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாளோ, அந்தக் கேள்வியை ஊரே பாட்டாகக் கேட்டது. துளசிபாய் முக்காட்டுக்குள் விம்மி விம்மி அழுதாள். அழுதுகொண்டே அடுத்த ஏசலை எடுத்தாள். ஞானம்பாள் விடுவாளா? மேடையிலிருந்து ஒரு பாட்டு, கீழேயிருந்து ஒரு பாட்டு. பாலசுப்பிரமணியன் தன் நாடகத்தின் மீதியை மறந்துவிட்டு, கைகட்டி ஓரமாக நின்றான். இப்படி ஒரு கட்டத்தை அவன் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் ஆரணி பஸ் காலியாகத்தான் போனது என்று சொன்னால் பொய். பஸ்ஸில் கூட்டம் இருந்தது. சிங்கு வீட்டார் இல்லை, அவ்வளவுதான்.

காலையில் வாசலில் ஏதோ சத்தம் கேட்டுத் துளசிபாய் கதவைத் திறந்தாள். கந்தசாமி ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கடலை எண்ணெயில் நனைத்த துணியால் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடையிலிருந்து ஞானம்பாள் கொடுத்தனுப்பிய எண்ணெய். தார் இளகிக் கறுப்பாக வழிந்து அவன் முழங்கை வரை ஓடியிருந்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அன்று ஓரிழுப்பாகத் தார் அடிக்கத் தெரிந்த இவனுக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. துளசிபாய் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“அழுத்தித் தேய்யா மாப்ள” என்றாள். “எறங்கி வந்து காப்பி குடிச்சிட்டுப் போ. இந்த வீட்ல உனக்குக் குடுக்கப் பொண்ணு இல்ல, காப்பி இருக்குது.”