முட்டி வரை கம்பளி

என் வீட்டுக்காரர் பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பாவாடை இல்லைடி, கில்ட் என்று நான் திருத்தினால் இன்னும் சிரிப்பாள். பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்டு, பின்பக்கம் கொசுவம் வைத்து, முட்டி வரை வந்து நின்றுவிடும் துணி அது. அதைக் கட்டி, முன்னால் ஒரு தோல் பையைத் தொங்கவிட்டு, அக்குளில் பேக்பைப் என்கிற ஊதல் வாத்தியத்தை இடுக்கிக்கொண்டு கல்யாண ஊர்வலங்களுக்கு முன்னால் நடப்பார். மாமனார் காலத்திலிருந்தே ரயில்வே குடும்பம். இவருக்கும் அங்கேதான் உத்தியோகம். ஆனால் ஆளின் உயிர் என்னவோ மைசூர் மண்டி மொஹல்லாவில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த பேண்டு வாத்தியக்காரர்களின் அறையில்தான் இருந்தது.

வெயில் காலத்தில் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. குளிர்காலம் வந்தால்தான் வயிற்றெரிச்சல். மார்கழியில் கல்யாணம் கிடையாது, சரி. ஆனால் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்கள் எல்லாம் அப்போதுதான் வரும். பொழுது விடிவதற்குள் மைதானத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டும். தை பிறந்தால் விடியற்காலை முகூர்த்தங்கள். மைசூர்க் குளிரை ஊட்டிக்காரர்கள் குளிர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களை முட்டி தெரிய ஒரு நாள் பனியில் நிற்கவைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

அசல் கில்ட் கனத்த கம்பளியாம், உள்ளே கணப்பு மாதிரி இருக்குமாம். இவர்களுடையது டெரிகாட்டன். காற்றடித்தால் குடை மாதிரி விரியும். உள்ளே முழுக்கால் சட்டை போடலாமா என்று கேட்டதற்கு, முட்டி தெரியாவிட்டால் அது கில்டே இல்லை என்று பேண்டு மாஸ்டர் சொல்லிவிட்டாராம். அந்த மனுஷர் தலையில் இடி விழ என்று திட்டிவிட்டு நானே காரியத்தில் இறங்கினேன். பழைய ஃபிளானல் போர்வையைக் கிழித்து உள்ளே போட ஒரு நிக்கர் தைத்தேன். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை முட்டியில் தேய்த்து அனுப்பினேன். சுக்குக் காப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். அப்படியும் பல் தந்தியடிக்கத்தான் வீட்டுக்குள் வருவார். வந்ததும் கில்டைக்கூட அவிழ்க்காமல், படுத்திருக்கிற என் போர்வைக்குள் ஐஸ் கட்டி மாதிரி இரண்டு பாதத்தையும் நுழைத்து என் கெண்டைக்காலில் ஒட்டிவைப்பார். நான் கத்துவேன். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் வீட்டுக்கு ஓடிவருகிறேன் என்பார்.

அப்புறம்தான் அந்த சாக்ஸ். குளிர்காலத்தில் இங்கே திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். அங்கே கையை உள்ளே விட்டால் வெளியே எடுக்க மனசு வராத மாதிரி தடிமனான சாக்ஸ் கிடைத்தது. பாதி கம்பளி, பாதி நைலான். முட்டிக்குக் கீழே நின்றுவிடும் என்பதால் மேலே ஒரு பட்டை கூடுதலாகப் பின்னி எலாஸ்டிக் வைத்தேன். ஊதும்போது மடித்துவிட்டால் முட்டி தெரியும், காத்திருக்கும்போது இழுத்துவிட்டால் முட்டி மூடிக்கொள்ளும். பேண்டு மாஸ்டருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் இது என் பங்கு.

அடுத்தடுத்த குளிர்காலங்களில் அவர் குளிர் என்று சொல்வது குறைந்துகொண்டே வந்து, ஒரு வருஷம் நின்றே போய்விட்டது. விடியற்காலைக் கச்சேரி முடிந்து வந்தால் நேரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். போர்வைக்குள் கால் வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"உன் சாக்ஸ் இருக்கையில எனக்கு என்ன குளிரு? காலே தெரியல போ. இனிமே சும்மா புலம்பாதே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் அல்லவா! பேண்டில் மற்றவர்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு அளந்துவிட்டேன். இரண்டு பேருக்கு அதே மாதிரி பட்டை பின்னியும் கொடுத்தேன். அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் குளிர் போகவில்லை. உங்கள் பின்னல் சரியில்லை என்று அவர்களிடமே சொன்னேன், என் வாய்க்கொழுப்பு.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. அது இல்லாத வீடு எது? மாத்திரை நினைவிருந்தால் போடுவார், கல்யாண வீட்டில் ஜாங்கிரி வைத்தால் மறந்துவிடுவார். ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை என்றார். செருப்பு போனதுகூடத் தெரியாமல் என்ன ராகம் யோசித்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

போன தையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றையொட்டி ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமாகிவிட்டது. புல்தரைப் பனியில் எல்லோருடைய ஷூவும் நனைந்து போக, சமையல்காரர்களின் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்திருக்கிறார்கள். இவர் ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு, சாக்ஸ் காயட்டும் என்று காலை நீட்டியிருக்கிறார். கார் ஹாரன் கேட்டதும் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து, மண்டப வாசல் வரைக்கும் ஊதிக்கொண்டே நடந்திருக்கிறார். முழுப் பாட்டையும் ஊதி முடித்தாராம்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினபோது கருகல் வாடை அடித்தது. வலது சாக்ஸின் நைலான் உருகிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. நான் மெல்ல இழுத்தேன். சாக்ஸோடு தோலும் வந்தது. அவரோ குனிந்து வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவரைப் பார்க்க வந்த டிரம் அடிக்கிற தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணி, சுடுதுன்னு நாங்கெல்லாம் காலை இழுத்துக்கிட்டோம். அண்ணன் மட்டும் இழுக்கவே இல்ல. அண்ணனுக்குத்தான் குளிரும் இல்ல சூடும் இல்லன்னு நாங்க கேலி பண்ணிட்டு இருந்தோம்."

டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நரம்பு மாதிரி மெல்லிய ஒரு நைலான் இழையால் நல்ல காலின் கட்டைவிரலைத் தொட்டார். இழை வளைந்தது. அடுத்து உள்ளங்காலில், அடுத்து குதிகாலில். தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நான் இழையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்களேன், தெரிகிறது என்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே மரியாதையாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?"

அந்த இரண்டு பாதத்துக்கும் எத்தனை வருஷமாக உணர்ச்சி இல்லையோ, யாருக்குத் தெரியும். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைத் தின்றுகொண்டிருந்தபோது நான் என் பின்னலைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேன். போர்வைக்குள் கால் வராமல் போன அன்றைக்கே யாராவது என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

காலைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். கட்டு மாற்றினார்கள், விரல்களை எடுத்தார்கள். புண் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான். அறுவைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, முட்டி மிச்சம் இருக்குமில்லே, அது போதும், கில்டுக்கு முட்டிதானே முக்கியம் என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

இப்போது மறுபடியும் மார்கழி. பேண்டுக்காரர்கள் ஆரம்பத்தில் அடிக்கடி வந்தார்கள், இப்போது ஃபோனோடு சரி. கில்ட் பீரோவில் இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தலாம் என்கிறார்கள், புண் முழுதாக ஆறட்டும் என்று காத்திருக்கிறோம். அவர் ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது.

நேற்றுக் காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"கால் குளிருது," என்றார்.

கேட்டு எத்தனை வருஷமாகிறது அந்த வார்த்தையை. எந்தக் கால் என்று கேட்டேன்.

"வலது கால். பாதம் ஐஸ் மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, எடுத்த காலில் சிலருக்கு அப்படித் தோன்றும் என்று இன்று சொன்னார். நேற்று எனக்கு அதெல்லாம் தெரியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் பீரோவைத் திறந்து, பின்னி வைத்திருந்த இன்னொரு ஜோடி சாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலருகே வந்து, வலது கால் சாக்ஸைப் போட வாகாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்த பிறகுதான், அதை எதில் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.