பிரஸ்காரர் கேட்ட தேதி

உடலைப் பார்க்காமலே ஒருவர் செத்துவிட்டார் என்று நீங்கள் சுவரொட்டி ஒட்டுவீர்களா? மாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். வடக்கனந்தல் ராஜாங்கமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய தம்பி சிவசங்கர் மினி லாரி ஓட்டியவர். 2016 பிப்ரவரி 11 மாலை, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவர கல்வராயன் மலைக்குப் போனார். இரண்டு நாள் கழித்து வெள்ளிமலைச் சாலையோரம் வண்டி நின்றது. கிழங்கு முழுக்க ஏற்றியிருந்தது, சாவி தொங்கியது, ஆள் இல்லை. போலீஸ் புகாரை வாங்கி வைத்துக்கொண்டது. அண்ணன் குறி கேட்கப் போனார். ஒருவர் தண்ணீரில் என்றார், இன்னொருவர் ஆந்திராவில் என்றார். இருவருமே தடுமாறாமல் சொன்னார்கள்.

தேடியவர் அக்கா ஜெயசுதா மட்டும்தான். பள்ளியில் சத்துணவு சமைப்பவர். சனிக்கிழமை வந்தால் மலைக்குப் பஸ் ஏறிவிடுவார். சந்தையில் தம்பியின் படத்தை நீட்டுவார். வீட்டில் இருந்தாலும் உட்கார மாட்டார்; சோற்றில் கை வைத்தபடியே செல்போனைத் திருப்பிப் பார்ப்பார்.

போன ஆண்டு ராஜாங்கத்தின் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. இருக்கிறானா செத்தானா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்தார்கள். ராஜாங்கம் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்தார். கருமாதி முடித்து, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்.

ஜெயசுதா நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"ஏண்ணா, செத்த தேதின்னு போட்டுக்கிறியே, உனுக்கு எவன் சொன்னான்?"

"தேதி இல்லாம அடிக்க மாட்டேன்னான் பிரஸ்காரன். வூட்ட வுட்டுப் போன தேதிய குடுத்தேன்."

"பந்தல் போடறதுக்கு ஒரு ஆள சாவடிச்சிட்ட. நல்லா இரு."

அடுத்த வாரம் காவல் நிலையத்தில் ரைட்டர் அந்தச் சுவரொட்டியைச் செல்போனில் காட்டினார்.

"இன்னாம்மா, நீங்களே செத்துட்டார்னு ஒட்டிட்டீங்க. செத்த ஆள நாங்க எங்க போய்த் தேடறது?"

"செத்துட்டான்னா பொணத்தக் குடுங்க சார். வாங்கினு போறேன்."

பிணம் அவர்களிடம் இல்லை, சுவரொட்டி இருந்தது. ஓர் உயிர் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டிய அரசுக்கு, அச்சகத்தில் இட்டு நிரப்பிய தேதி போதுமாகிவிட்டது. சடங்கு சம்பந்தியின் வாயை அடைக்கலாம். விசாரணைக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்வது அயோக்கியத்தனம்.

அண்ணனை ஸ்டேஷனுக்கு அழைத்துவர ஜெயசுதா மாதக்கணக்கில் போராடினார். தேதி பொய் என்று ஒப்புக்கொண்டால், தீட்டு திரும்பிவிட்டது என்று கட்டிக்கொடுத்த மகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ராஜாங்கத்துக்குப் பயம். கடைசியில் வந்தார். "அது நானா போட்ட தேதிங்க சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அந்தத் தேதிக்கப்புறம் அவரப் பாத்தவங்க யாருனா இருந்தா கூட்டினு வாங்க. கேஸத் தொறக்கறேன்."

வண்டி நிறையக் கிழங்கு தானாகவா ஏறியது? ஏற்றியவர்களை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது யார்? ஜெயசுதா இதைக் கேட்டுப் பார்த்தார். மறுபடியும் மலைக்குப் போனார். "மறுநா நாங்கதான் ஏத்துனோம். ஸ்டேஷனுக்கு மட்டும் கூப்புடாதம்மா" என்கிறார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பார்த்ததைச் சொல்லப் போனவரையே உட்கார வைத்து மிரட்டிய ஊர் இது.

2016 பிப்ரவரி 11க்குப் பிறகு சிவசங்கரைப் பார்த்தவர் நீங்களாக இருக்கலாம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும். அவரோடு டீ குடித்திருந்தாலும் சரி, சண்டை போட்டிருந்தாலும் சரி, சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் வடக்கனந்தலுக்குச் சொல்லியனுப்புங்கள். ஜெயசுதா உங்கள் வீட்டுக்கே வந்து கூட்டிப்போவார், நீங்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பார். எழுந்து வாருங்கள்.