இடது ஓரம்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு நல்ல லென்ஸ் வாங்கி முடிப்பதற்குள் அவர் மகள் கல்லூரியில் சேர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். வாங்குவதைவிட எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் அவருக்குச் சுகம்.

அந்தப் பைத்தியத்தில் கூட்டாளி ஒரு பல் டாக்டர். கிளினிக் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போய் ஒட்டிக்கொண்ட சிநேகம். ஞாயிறு காலையில் இருவரும் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். புது மாடல் வந்தால் டாக்டர் மாற்றிவிடுவார். மெக்கானிக் பழைய கேமராவையே கட்டிக்கொண்டிருந்தார்.

"கேமரா பாடிய மாத்து, லிஃப்டு. இதத் தூக்கிட்டு என்கூட வர்றதுக்கு உனக்கே வெக்கமா இல்லையா?"

"பாடி சட்டை மாதிரி டாக்டரே. லென்ஸுதான் கண்ணு. கண்ண வித்துச் சட்டை வாங்கச் சொல்றியா?"

ஐம்பது எம்.எம். லென்ஸா, முப்பத்தைந்தா என்று வாதம் வந்தபோது மெக்கானிக் வீட்டுக்குள் டேப் வைத்து அளந்தார். அடுப்படி வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும்தான் பின்னால் போக முடியும். ஐம்பதுக்குள் அடங்குவது குறைவு; அதை வாங்கினால் மனைவியை முழுசாகப் படமெடுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே தொங்க வேண்டும்.

"தொங்குங்களேன். தினம் அதத்தானே பண்றீங்க" என்றார் மனைவி.

முப்பத்தைந்து வந்தது. வீடே கூர்மையாகிவிட்டது போல இருந்தது. மனைவியின் இமை முடியை எண்ணலாம்.

தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு அந்த லென்ஸை டாக்டர் இரவல் கேட்டார். யாருக்கும் தராத மெக்கானிக், கேட்டது டாக்டர் என்பதால் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது அதன் முகப்பில் விலையுயர்ந்த புது ஃபில்டர் கண்ணாடி மாட்டியிருந்தது.

"எதுக்கு டாக்டரே இதெல்லாம்?"

"உன் லென்ஸுக்கு நான் ஒண்ணும் செய்யக்கூடாதா? வா, உன்னை ஒரு படம் எடுக்கறேன். உன்னை யாருமே எடுக்கறதில்ல."

லென்ஸை மெக்கானிக்கின் கேமராவிலேயே மாட்டி, அவரைக் கிளினிக் சுவரோரம் நிறுத்தினார். கண்ணை கேமராவில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினார். "இந்தப் பக்கம் தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"என்னை எடுக்கறியா, சுவத்த எடுக்கறியா?"

படத்தில் மெக்கானிக் வலது ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். மிச்சமெல்லாம் வெறும் சுவர். அவர் அதைப் பிரிண்ட் போட்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் எடுத்த படங்களில் இடது பக்கம் கலங்கியது. ஒரு ஆளின் தோள், ஒரு கதவின் விளிம்பு, நீர் பட்டது போல. டாக்டரிடம்தான் கொண்டுபோனார்.

"வலது கையால பட்டன அமுக்கறப்ப கேமரா லேசாத் திரும்புது லிஃப்டு. அப்போ இடது பக்கம்தானே அதிகமா ஆடும்?"

நெம்புகோலோடு வாழ்ந்தவருக்கு அது சட்டென்று சரியாகப் பட்டது. டாக்டர் அவர் கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "லேசா நடுக்கம் இருக்கு. வயசாகுதுல்ல."

படம் கெட்டதுகூடப் பெரிதில்லை. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்கிறவர் அவர். ஒரு ஸ்பேனர் நழுவினால் கீழே குழியில் நிற்பவன் தலை போகும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மேனேஜரிடம் தானே போய்ச் சொன்னார்: "கை நடுங்குது சார். என்னை மேல ஏத்தாதீங்க." புகார் ஃபோன் எடுக்கும் நாற்காலியில் போட்டார்கள். வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போனவர் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்.

மகள் லீவில் வந்திருந்தாள். "நீயும் வாப்பா. நீ இல்லாம எத்தனை படம்தான் எடுக்கறது?" கேமராவை ஃபிரிட்ஜ் மேல் வைத்து டைமர் போட்டுவிட்டு ஓடிவந்து இடது பக்கம் நின்றார். படத்தில் மனைவியும் மகளும் தெளிவாக இருந்தார்கள். அவர் மட்டும் புகையாக இருந்தார்.

"ஆடிட்டியாப்பா?" என்றாள் மகள்.

அவர் மனைவியையும் மகளையும் விலகச் சொன்னார். மூவரும் நின்ற இடத்தில் இரண்டு நாற்காலிகளை வைத்தார். மறுபடி டைமர். இடது நாற்காலி கலங்கியிருந்தது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தார். கலங்கல் கேமராவோடு திரும்பி மேலே ஏறியது.

ஃபில்டரைக் கழற்றினார். இறுகியிருந்தது, துணி சுற்றித் திருக வேண்டியிருந்தது. உள்ளே மரையில் குறடு கடித்த தடம். நசுங்கிய வளையத்தை யாரோ பிடித்து நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்தத் தடத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிளினிக்கில் நோயாளி போகும்வரை காத்திருந்தார். லென்ஸை டாக்டரின் தட்டில், கொக்கிகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தார்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "கல்யாண மண்டபப் படியில விழுந்துடுச்சு. நீயே கண்டுபிடிச்சுக் கேப்பேன்னு இருந்தேன்."

"லென்ஸ் போனா போகட்டும் டாக்டரே. என் கையப் பிடிச்சுப் பாத்தியே, அது எதுக்கு?"

"புதுசு வாங்கித் தர்றேன் லிஃப்டு. இதவிட நல்லதா."

"நான் உன்னைச் சந்தேகப்படல. என் கையச் சந்தேகப்பட்டேன்."

லென்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் மேனேஜரிடம் கையை நீட்டிக் காட்டினார். நடுக்கமே இல்லை. மேனேஜர் நல்லவர்தான். "நீங்களே நடுங்குதுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் உங்கள மேல ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

அவர் அந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார். லென்ஸை மாற்றவில்லை. எல்லோரையும் வலது பக்கம் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் இறந்தார்.

டாக்டர் துக்கம் கேட்க வந்தார். சுவரில் டைமரில் எடுத்த படம் மாட்டியிருந்தது. தெளிவான இருவர், பக்கத்தில் புகைபோல ஒருவர். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"முகமே தெரியலயேம்மா. நான் எடுத்த படம் ஒண்ணு இருக்குமே, நல்லா சிரிச்சுட்டு?"

"இருக்கு" என்றார் மெக்கானிக்கின் மனைவி. "அதுல அவர ஏன் அவ்வளவு தூரம் ஓரத்துல நிக்க வச்சீங்கன்னு அவருக்குக் கடைசியிலதான் புரிஞ்சுது."

டாக்டர் செருப்பைத் தேடினார்.

டைமரில் எடுத்த அந்தப் படமேதான் இன்னும் சுவரில் இருக்கிறது. அதை எடுத்தபோது யார் கையும் கேமராவில் இல்லை.